எதிர்க்கரை மண்

கொள்ளிடம் இந்தக் கரையில் கடித்ததை அந்தக் கரையில் துப்பும். அந்தக் கரையில் கடித்ததை இந்தக் கரையில் துப்பும். அதற்கு மிராசுதாரும் ஒன்றுதான், மதலேனம்மாளும் ஒன்றுதான். ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே, வடகரையில், அந்தோணியார் கோயில் தெருவில் இருந்தவர்களுக்கு இது தெரியாதா என்ன? தலைமுறை தலைமுறையாகப் படுகையில் சோளமும் மிளகாயும் போட்டுப் பிழைத்தவர்கள். தெரிந்ததால்தான் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது படுகையை நீளவாக்கில் பிரித்தார்கள். ஒவ்வொருவன் பங்கும் ஊரைக் காக்கிற கரைமேட்டின் அடியில் தொடங்கித் தண்ணீரில் போய் முடியும். ஆறு தின்றால் எல்லோர் பங்கிலும் நுனி குறையும். வண்டலைக் கொண்டுவந்து கொட்டினால் எல்லோர் பங்கிலும் நுனி வளரும். ஒருவன் சிரிக்க ஒருவன் அழ வேண்டியதில்லை.

இந்த முறையை மாற்றிய புண்ணியவான் சவரிராஜ். மதலேனம்மாளுக்கு மூத்தார், செத்துப்போன அவள் புருஷன் அடைக்கலசாமியின் கூடப்பிறந்த அண்ணன்.

அடைக்கலசாமி வாந்திபேதியில் போய்ச் சேர்ந்து, வருஷப் பூசையும் முடிந்த கையோடு, பாகப் பேச்சை எடுத்தவரே அவர்தான். "தம்பி குடும்பத்துக்கு உள்ளதக் குடுத்துடணும், நாள பின்ன ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மனுஷனின் கண் எங்கே இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சில வருஷங்களாகவே ஆறு அந்தக் குடும்பத்துப் படுகையின் நுனியில் வண்டலைக் கொட்டிக்கொண்டே வந்தது. வெள்ளம் வடிந்து பார்த்தால் போன வருஷம் தண்ணீர் ஓடிய இடத்தில் இந்த வருஷம் கறுப்பு மண் கிடக்கும். கால் வைத்தால் கணுக்கால் புதையும், எதை ஊன்றினாலும் முளைக்கும். போதாததற்கு மேட்டூரில் அணை வேறு வந்துவிட்டது.

"மேட்டூர்ல வெள்ளக்காரன் கட்டிப் போட்டுட்டான். இனிமே கொள்ளிடம் வூட்டு மாடு மாதிரி. கறக்கும், முட்டாது" என்று டீக்கடையில் அவரே சொல்லியிருக்கிறார்.

பாகம் பேசிய அன்றைக்கு அதை மறந்துவிட்டார். கோயில் உபதேசியாரையும் நாலு பெரியவர்களையும் கூட்டி உட்காரவைத்து, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "ஆத்தோரம் ஆபத்தான எடம். வயசுப் புள்ளய வச்சிக்கிட்டு இருக்குறவ, தலையில அதக் கட்டக்கூடாது. ஆத்தோர முன்பக்கத்த நான் எடுத்துக்கறேன், போனா என்னோட போவட்டும். கரையடி நெலம் பத்திரம். அது அவளுக்கு இருக்கட்டும்" என்றார். படுகையைக் குறுக்கே வெட்டுவது என்று அர்த்தம்.

"பெரிய மனசு" என்றார் உபதேசியார்.

மதலேனம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு நேரே நிற்கக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் அவரோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. எது சொல்வதானாலும் ஓரகத்தி சூசையம்மாள் வாய்வழியாகத்தான். அன்றைக்கும் சூசையம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "எல்லாருக்கும் உள்ள மொற நமக்கு மட்டும் எதுக்கு மாறணும்? நீட்டாவே பிரிக்கச் சொல்லுங்கக்கா" என்றாள்.

சூசையம்மாள் போய்ச் சொன்னாள். சவரிராஜ் தூணைப் பார்த்துப் பேசினார். "நல்லது நெனச்சாலும் சந்தேகம் வருதுன்னா நான் என்னத்தப் பண்றது? தம்பி இருந்திருந்தா இப்படி ஒரு பேச்சு வந்திருக்குமா?"

அவ்வளவுதான், கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. பொம்பளைக்கு ஆத்தோரம் எதுக்கு என்றார் ஒருவர். நல்லது செய்தால் நாய்கூட வாலாட்டும் என்றார் இன்னொருவர். கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. எரிந்து என்ன? அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினார்கள். முன்பக்கமும் அதில் ஆறு கொண்டுவந்து சேர்ப்பதும் சவரிராஜுக்கு. கரையடி நிலம் மதலேனம்மாளுக்கு. லாபமோ நட்டமோ, இனி ஒருத்தரை ஒருத்தர் கேட்கக்கூடாது.

கரையடி நிலத்தின் லட்சணத்தைச் சொல்ல வேண்டுமே! பாதி மணல், பாதி உவர். விதைத்ததைத் திருப்பிக் கொடுத்தாலே பெரிய காரியம். உருப்படியாக அதில் இருந்தது அடைக்கலசாமி கையால் நட்டு வளர்த்த மூங்கில் குத்து ஒன்றுதான். அவளும் மகள் ஆரோக்கிய செல்வியும் அங்கே வரகும் துவரையும் போட்டு, அரைவயிறும் கால்வயிறுமாகக் காலம் தள்ளினார்கள். யுத்தம் முற்றி, அரிசி ரேஷனுக்குப் போன வருஷங்கள் அவை.

அண்ணன்காரருக்கு அந்த வருஷங்களில்தான் கொழித்தது. ஒவ்வொரு வெள்ளமும் அவர் வரப்புக்கு அப்பால் ஒரு பாத்தி மண்ணை வைத்துவிட்டுப் போயிற்று. கத்தரி என்ன, மிளகாய் என்ன, வாழை என்ன! வண்டி வண்டியாகத் திருமானூர் சந்தைக்குப் போனது. சூசையம்மாள் நல்லவள், புருஷனுக்குத் தெரியாமல் ஒரு கூடை கத்தரிக்காயைக் கொண்டுவந்து ஓரகத்தி வீட்டு வாசலில் வைப்பாள். மதலேனம்மாள் வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் தலை மறைந்ததும் கூடையோடு தூக்கி மாட்டுக்குப் போட்டுவிடுவாள்.

"ஏம்மா, நமக்கே கொழம்புக்கு ஒண்ணுமில்ல" என்பாள் செல்வி.

"அது ஒங்கப்பன் மண்ணுல வெளஞ்சது. பிச்சையா வந்தா எனக்கு எறங்காது."

யுத்தம் முடிகிற சமயத்தில் ஆறு திரும்பியது.

மேற்கே கூப்பிடு தூரத்தில், நடு ஆற்றில், ஒரு மணல்திட்டு தலை தூக்கியிருந்தது. முதலில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு அதில் நாணல் முளைத்தது. நாணல் முளைத்தால் மணல் தங்கும், மணல் தங்கினால் திட்டு வளரும். திட்டு பெருக்கப் பெருக்க, நேராகப் போய்க்கொண்டிருந்த நீரோட்டம் வழியில்லாமல் வடகரைப் பக்கம் ஒதுங்கி, சவரிராஜ் நிலத்தில் வந்து முட்டியது. ஆறு மேலாகத் தின்னாது. அடியில் குடையும். மேலே பார்த்தால் வாழை நிற்கும், வரப்பு இருக்கும், அடியில் மண் இருக்காது. திடீரென்று வாழையும் வரப்புமாக ஒரு பாளம் விட்டு விழும். விழுந்த இடத்தில் தண்ணீர் கறுப்பாகக் கலங்கி, கொஞ்ச நேரத்தில் தெளிந்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

முதல் பாளம் விழுந்த செய்தி வந்தபோது மதலேனம்மாள் களைக்கொட்டைப் போட்டுவிட்டு எழுந்து கரைமேட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு தினம் போனாள். சந்தோஷம், வேறென்ன? மறைப்பானேன்? ஒவ்வொரு பாளமும் விழுகிறபோது அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போதுகூட மண் விழுகிற சத்தம் காதில் கேட்டது, அவள் சிலுவை போட்டுக்கொண்டு அந்தோணியாருக்கு நன்றி சொன்னாள்.

தை பிறந்து தண்ணீர் வற்றியது. ஆற்றைத் தடுப்பதானால் அந்த நாலைந்து மாசத்துக்குள் தடுக்க வேண்டும். அதற்குக் கொரம்பு போடுவார்கள். கரையிலிருந்து ஆற்றுக்குள் சாய்வாக மூங்கில் முளைகளை வரிசையாக அடித்து இறக்கி, தட்டி கட்டி, உள்ளே முள்ளும் நாணலும் திணித்தால் அதுதான் கொரம்பு. நீரோட்டம் அதில் மோதி எதிர்ப்பக்கம் திரும்பும். கொரம்புக்குப் பின்னால் தண்ணீர் சோர்ந்து, மண் தங்கும். வேலைக்கு ஆள் இருந்தது, முள் இருந்தது. மூங்கில்தான் இல்லை. சுற்றுவட்டாரத்து மூங்கிலையெல்லாம் யுத்தத்துக்கென்று கான்ட்ராக்டர்கள் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது மதலேனம்மாளின் ஒரு குத்துதான். இளசாக இருக்கிறதென்று அதை விட்டுப்போனார்கள்; இப்போது அது முற்றி நின்றது.

சூசையம்மாள் வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"மதலேனு, அவரு கேக்கச் சொன்னாரு. குத்துல பாதி வெட்டிக்கட்டுமாம். அறுப்பு வந்ததும் என்ன கேட்டாலும் தரேங்கறாரு."

"லாபமோ நட்டமோ ஒருத்தர ஒருத்தர் கேக்கக்கூடாதுன்னு சத்தியம் இருக்குல்லக்கா?"

"அதெல்லாம் பேசுற நேரமா இது? கொஞ்சம் எறங்கி வாடி."

"வரேன்க்கா. எனக்கு ஒண்ணும் தர வேணாம். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும், கோயில் வாசல்ல, எந்தப் பெரியவங்க முன்னால பேசுனாரோ அவங்க முன்னால, என்னப் பாத்து ஒரு வார்த்த சொல்லட்டும். ஒன்ன ஏமாத்திட்டேன்னு. அவ்வளவுதான். அன்னிக்கே மொத்தக் குத்தையும் வெட்டிக்கட்டும்."

சூசையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தார், தம்பி பெண்டாட்டியை ஊர் நடுவில் முகம் பார்த்துப் பேசுவதா? அதுவும் இந்தப் பேச்சையா? போய்ச் சொன்னாள். பதில் கையோடு வந்தது. "செத்தாலும் சொல்ல மாட்டாராம்."

"அப்ப நெலம் சாவட்டும்" என்றாள் மதலேனம்மாள்.

மாசிக் கடைசியில் சவரிராஜே தெருவில் வந்து நின்றார். வேலியில் கட்டியிருந்த மாட்டிடம் பேசினார். "மூங்கில நட்டது என் கூடப்பொறந்தவன். அவன் இருந்தா இந்நேரம் கத்திய எடுத்துக்கிட்டு மொத ஆளா ஆத்துல எறங்கியிருப்பான்."

உள்ளேயிருந்து மதலேனம்மாள் மகளிடம் பேசினாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "செல்வி, ஒங்கப்பா இருந்தா நெலம் நீட்டாப் பிரிஞ்சிருக்கும்னு பெரியப்பாகிட்டச் சொல்லு."

செல்வி இருவருக்கும் நடுவில் விழித்துக்கொண்டு நின்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரிச் சோறு ஆக்கும்போது செல்வி கேட்டேவிட்டாள்.

"அம்மா, அவங்க நெலம் முடிஞ்சா அடுத்தது யாரு நெலம்?"

"நமக்கு வர்றதுக்குள்ள அவரு சொல்லிடுவாரு."

"சொல்லலன்னா?"

"சொல்லுவாரு. ஏன் சொல்ல மாட்டாரு? எனக்கு அந்த வார்த்த வேணும் செல்வி. நெலத்தவிட எனக்கு அது வேணும்."

மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிற ஜாதி அந்தக் குடும்பம், இரண்டு பக்கமும் அப்படித்தான். அவர் சொல்ல மாட்டார், அவள் விட மாட்டாள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. ஆறு மணலாய்க் கிடந்தது. குழந்தைகள் குறுக்கே நடந்து தென்கரைக்குப் போய் வந்தன. கொரம்பு அடிக்க அதைவிடத் தோதான காலம் கிடையாது. வைகாசியில் ஒரு நாள் கத்தியை எடுத்துக்கொண்டு மதலேனம்மாளே மூங்கில் குத்துவரைக்கும் போனாள். வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தாள்தான், பொய் சொல்லக்கூடாது. அப்போது "பெரிய மனசு" என்று உபதேசியார் சொன்ன குரல் ஞாபகம் வந்தது. ஒரு விளாரை வெட்டி மாட்டை ஓட்டுகிற கோலாக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

ஆடியில் புதுத்தண்ணீர் வந்தது. வந்த ஜோரில் சவரிராஜின் நிலத்தில் முக்கால்வாசியைக் கொண்டுபோயிற்று. கத்தரிக்கொல்லை போன இடம் தெரியவில்லை. ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பங்குக்கும் நடுவே நட்ட எல்லைக்கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு பாத்திகூட மிச்சம் இல்லாதபோது, அவர் கோயில் வாசலில் வந்து நின்றார். மதலேனம்மாள் பூசை முடிந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவர் வழியை மறித்தார். உபதேசியார் இருந்தார், பெரியவர்களும் இருந்தார்கள்.

அவளை நேராகப் பார்த்தார். வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அவள் அந்தக் கண்களைப் பார்த்ததில்லை. அச்சு அசல் அடைக்கலசாமியின் கண்.

"ஒன்ன ஏமாத்திட்டேன் மதலேனு" என்றார். "தெரிஞ்சேதான் ஏமாத்துனேன். ஆறு குடுக்கும்னு நெனச்சி ஏமாத்துனேன்."

எத்தனை வருஷமாக எதிர்பார்த்த வார்த்தை! கேட்டால் ஆற்றில் முழுகி எழுந்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. வாயெல்லாம் கசந்ததுதான் மிச்சம். கூட்டத்தில் யாரோ செருமினார்கள்.

"வாங்க மாமா, வெட்டுவோம்" என்றாள். அதுதான் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

இரண்டு வீடும் சேர்ந்து மொத்தக் குத்தையும் வெட்டிச் சாய்த்தன. தெருவே இறங்கி வந்தது. ஆனால் கழுத்தளவு ஓடுகிற தண்ணீரில் எப்படி முளை அடிப்பது? ஒருவன் பிடிக்க ஒருவன் அடிக்க, அடித்த முளையை அடுத்த முளை ஊன்றுவதற்குள் ஆறு பிடுங்கிக்கொண்டு போயிற்று. தட்டியும் முள்ளும் மிதந்து போவதைக் கரையில் நின்று பார்த்தார்கள். சவரிராஜ் மார்பளவு தண்ணீரில் நின்று ஆற்றைக் கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினார். நாலு பேர் இறங்கி அவரைக் கரைக்கு இழுத்துவந்தார்கள்.

புரட்டாசியில் எல்லைக்கல் விழுந்தது. ஐப்பசி மழையில் வரகு பால் பிடித்திருந்த மதலேனம்மாள் நிலம், பாளம் பாளமாக, வேர் தெரிய விட்டு விழுந்தது. கார்த்திகை பிறந்தபோது கரைமேட்டுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் தண்ணீர். நடுவில் படுகை என்று ஒன்று இருந்ததாகச் சொன்னால் புதிதாக வந்தவன் நம்ப மாட்டான்.

அந்த மண் எங்கே போயிற்று என்றா கேட்கிறீர்கள்? எங்கும் போகவில்லை. தை மாசம் தண்ணீர் வடிந்ததும் தென்கரையை ஒட்டிப் பளபளவென்று கறுப்பாக ஒரு பெரிய நிலம் கிடந்தது. தஞ்சாவூர் ஜில்லாக் கரை அது. கரையோடு ஒட்டிச் சேர்ந்த மண் கரைக்காரருக்கு என்று தென்கரையில் சொல்லிவிட்டார்கள். கரைக்காரர் அரங்கநாதன் என்று ஒரு மிராசுதார். நிலத்தை வந்து பார்த்தாரோ இல்லையோ. அவருடைய காரியக்காரர் முருகையன் ஏரைக் கொண்டுவந்து இறக்கினார். சவரிராஜ் அக்கரைக்குப் போய், "இது எங்க மண்ணுங்க" என்று சொல்லிப் பார்த்தார். "அப்படிங்களா? பேரு எழுதியிருக்கா பாருங்க" என்று முருகையன் சிரித்தார்.

சிரித்தாலும் வேலை கொடுத்தார். வேறு போக்கு ஏது? அந்த வருஷம் வடகரையிலிருந்து கூலிக்குப் போனவர்களில் மதலேனம்மாளும் இருந்தாள், செல்வியும் இருந்தாள், சவரிராஜும் சூசையம்மாளும் இருந்தார்கள். மிளகாய் தழைத்து வந்திருந்தது. களை பிடுங்குகிறபோது கையில் ஒட்டுகிற மண்ணை மதலேனம்மாள் அவசரமாகப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மூத்தார், தம்பி பெண்டாட்டி என்கிற ஒதுக்கமெல்லாம் போய்விட்டது. ஒரே வரிசையில் குனிந்து நிமிர்ந்தார்கள், ஒரே சட்டியில் கூழ் குடித்தார்கள்.

மாசியில் ஒரு நாள் முருகையன் களையெடுப்பை நிறுத்தச் சொன்னார். நாலு வண்டி மூங்கில் வந்து இறங்கியிருந்தது. மிராசுதாருக்கு மூங்கிலா கிடைக்காது? "வர்ற ஆடிக்கு ஆறு இந்த மண்ணத் திருப்பி வாங்கிடக்கூடாது பாருங்க. கொரம்பு போடணும். ஒங்க ஊர்க்காரங்களுக்குக் கைவந்த வேலையாமே!" என்றார் முருகையன்.

சவரிராஜ் மணலில் இறங்கி நின்று ஆற்றைப் பார்த்தார். சாய்வு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குச்சியால் கோடு கிழித்துக்கொண்டே போனார். முளைகள் இறங்கின. வற்றின ஆறு, ஈர மணல், முற்றின மூங்கில். அடித்த அடிக்கு முளை அசையவில்லை. மதலேனம்மாள் தட்டியைப் பிடித்தாள். அவர் முடிச்சுப் போட்டார். நாலு முளை தாண்டியபிறகுதான் அவள் நிமிர்ந்து, கோடு போகிற போக்கிலேயே கண்ணை ஓட்டினாள். கொரம்பில் மோதித் திரும்புகிற தண்ணீர் நேரே வடகரைக்குப் போகும். அங்கே கரைமேடு தெரிந்தது. அதற்குப் பின்னால் அந்தோணியார் கோயில் சிலுவையும், அவள் வீட்டுக் கூரையும் தெரிந்தன.

"மாமா" என்றாள்.

"தெரியுது."

"கரமேடு தாங்குமா?"

"ரெண்டு வெள்ளம் தாங்கும்." அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாம்னா இப்பவே போட்டுட்டுப் போயிடலாம். நீ சொல்லு."

மேலே முருகையன் குடைபிடித்து நின்றுகொண்டு பார்த்தார். முள் சுமந்து வந்த செல்வி, அம்மா ஏன் நிற்கிறாள் என்று புரியாமல் நின்றாள். காலையிலிருந்து அந்தப் பெண் ஒன்றும் சாப்பிடவில்லை.

மதலேனம்மாள் குனிந்து தட்டியை முளையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தாள்.

"முடிச்சு தொளதொளன்னு இருக்கு. இறுக்குங்க" என்றாள்.